கண்ணில் படாத நான்கு லட்சம்

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காருக்குள் எட்டிப் பார்த்தாலே விலையைச் சொல்லிவிடலாம். பின்கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி இருந்தால் கீழ் மாடல். ஸ்டீரியோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதற்கும் கீழ். இன்று அந்த அடையாளமெல்லாம் போய்விட்டது. எட்டு, ஒன்பது லட்சத்துச் சின்ன எஸ்யூவியிலும் அகலமான திரை இருக்கிறது, ரிவர்ஸ் கேமரா இருக்கிறது, கூரையில் சன்ரூஃப் திறக்கிறது. பதினான்கு லட்சத்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தினால் பார்க்கிற யாரும் இரண்டையும் ஒரே ஜாதி என்றுதான் நினைப்பார்கள்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் கண்ணில் படாத இடத்துக்கு. தகட்டின் உறுதிக்கு, சஸ்பென்ஷனுக்கு, கதவு ஓரத்து ரப்பருக்கு, தரைக்கு அடியில் ஒட்டிய சத்தம் தடுக்கும் பட்டைகளுக்கு, சீட்டுக்குள் இருக்கும் ஃபோமுக்கு. ஊரார் பார்ப்பதெல்லாம் மலிந்துவிட்டது. யாரும் பார்க்காதது விலை ஏறிவிட்டது. அக்கா மகன் கார் வாங்கக் கிளம்பி என்னையும் கூட இழுத்துக்கொண்டு திரிந்த நாட்களில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றுக்கு நாம் உண்மையிலேயே காசு கொடுப்போமா?

அவன் ஒரகடத்தில், கார் சீட்டுக்கு ஃபோம் வார்க்கிற ஒரு யூனிட்டில் க்வாலிட்டியில் இருக்கிறான். குடியிருப்பது கூடுவாஞ்சேரி. மனைவியும் வேலைக்குப் போகிறாள், யுகேஜி படிக்கிற பையன் ஒருவன், கூட அக்கா. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. பெயரைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மேலது, கீழது என்றே வைத்துக்கொள்வோம். ஆன் ரோடு விலையில் இரண்டுக்கும் நான்கு லட்சம் வித்தியாசம்.

ஷோரூமில் விற்பனைப் பையன் திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கிக்கொண்டிருந்தான். இவன் அதைக் காதில் வாங்காமல் குனிந்து, சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுக்கிவிட்டு எடுத்தான், குழி எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்தான். "மாமா, இங்க அமுக்கிப் பாருங்க. நல்லா மெத்துனு இருக்குல்ல? கடையில நல்லாத்தான் இருக்கும். விழுப்புரம் தாண்டினா இடுப்பு சொல்லும்." மேலதன் சீட் கல்லு மாதிரி இருந்தது. உட்கார்ந்தவுடன் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி. அஞ்சு நிமிஷம் உட்காருகிறவனுக்கு மெத்தை வேண்டும், அறுநூறு கிலோமீட்டர் போகிறவனுக்குத் தாங்கல் வேண்டும். இரண்டும் வேறு. கடைக்காரருக்குத் தேவை அந்த அஞ்சு நிமிஷம்தான்.

இவ்வளவு தெரிந்தவன் மேலதை விரும்பியதற்குக் காரணம் சீட் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவனுக்கு வேண்டியிருந்தது முன்பக்க கிரில்லும் கூரை முழுக்க விரியும் கண்ணாடியும். சித்திரை வெயிலில் செங்கல்பட்டு டோல்கேட்டில் நிற்கிறவன் தலைக்கு மேல் எதற்குக் கண்ணாடி என்று கேட்டேன். "பையன் ஆசைப்படுறான் மாமா." பையனுக்கு ஐந்து வயது. ஓடுகிற வண்டியின் கூரை வழியே அவன் தலையை வெளியே நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

உசத்தி என்பது எல்லா நேரமும் உள்ளே இருக்கிற சரக்கு என்று நினைக்க வேண்டாம். அவன் வேலை செய்கிற ஒரகடத்திலேயே உதாரணம் உண்டு. ரெனோ டஸ்டர் 2012-ல் வந்தது. அடுத்த வருஷமே அதே ஆலையிலிருந்து நிசான் டெரானோ வந்தது. முகத்தையும் சில பாகங்களையும் மாற்றி, டஸ்டரைவிடக் கூடுதல் விலை வைத்து, ஒரு படி மேலான வண்டியாக நிறுத்தினார்கள். அடியில் இருந்தது அதே வண்டி. 2020-ல் டொயோட்டா விற்ற அர்பன் க்ரூஸர், மாருதி பிரெஸ்ஸாவின் உடம்பில் வேறு பெயர் ஒட்டியது. அங்கே மட்டும் ஒரு நியாயம் இருந்தது: மாருதி இரண்டு வருஷ வாரண்டி கொடுத்தபோது டொயோட்டா மூன்று வருஷம் கொடுத்தது. பெயருக்குக் கொடுக்கிற காசில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏதாவது வந்தால் சரி. வெறும் மரியாதை மட்டும் வந்தால், அந்த மரியாதை பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிற பையனோடு முடிந்துவிடுகிறது.

மேலானது என்று நம்பி வாங்கிய பெயர் நாட்டைவிட்டே போகவும் செய்யும். இந்தச் சின்ன எஸ்யூவி மோகத்தை இங்கே கிளப்பியதில் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2013-ல் வந்த வண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அன்று அதை வைத்திருந்த நண்பர்கள் ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, ஸ்பேர் கிடைக்குமா என்பதுதான்.

பாதுகாப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் மோதினால் தாங்குகிற வண்டி என்றாலே வெளிநாட்டுப் பெயர், பெரிய விலை என்று இருந்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாராகி விற்ற காரில் அதுதான் முதல். அதே வருஷம் முதல் சோதனையில் நான்கு வாங்கி, திருத்தங்கள் செய்து, மறுபடி போய் வாங்கியது. அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் ஷோரூமில் மைலேஜ் கேட்ட கையோடு ஸ்டாரும் கேட்க ஆரம்பித்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து நமக்கென்று பாரத் என்கேப் இருக்கிறது. அதே மாதம் ஹூண்டாய் தன் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக்கை அடிப்படை வேரியண்டிலிருந்தே கொடுக்கப்போவதாக அறிவித்தது. கேட்பவர்கள் பெருகினால், கண்ணில் படாததும் கீழ்விலைக்கு இறங்கி வருகிறது. ஆகவே ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கிற ஈஎஸ்சி, நல்ல மதிப்பெண் இவை இல்லாத வண்டியைப் பட்டியலிலேயே ஏற்றாதே என்றேன். அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டுவிட்டு, மேலதன் கதவைச் சாத்திக் காட்டினான். கும்மென்று ஒரு சத்தம். "கேட்டீங்களா?" கேட்டேன். அந்தச் சத்தம் பீடிங்கையும் உள் அட்டையையும் வைத்து வரவழைக்கக்கூடியது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை சாத்தினான்.

விலை படிப்படியாக ஏறுவதில்லை, சில இடங்களில் பள்ளத்தாக்கு மாதிரி பிளக்கிறது. முதல் பிளவு நீளம். நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டாமல் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. வென்யூ, சோனெட் இரண்டும் 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்பது, பழைய வரியிலும் இருந்த இந்த நான்கு மீட்டர் கோட்டினால்தான். சிலவற்றைப் பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கத்தைக் கத்தியால் வெட்டினது போல இருக்கும். அழகுணர்ச்சி இல்லாமல் இல்லை, சட்டம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

இரண்டாவது பிளவு தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023-ல் உயர்த்திய பிறகு, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது வரை 18. ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம். பத்து லட்சத்துப் பத்தாயிரத்துக்கு ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. இதுபோக, பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழியும். "இன்னும் இருபதாயிரம் போட்டா அலாய் வீல் வந்துரும் சார்" என்று விற்பனைப் பையன் சொன்னபோது அந்த ஐம்பத்து மூவாயிரத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அலாய் வீல் கண்ணில் படும், வரி ரசீது டேஷ்போர்டுக்குள் போய்விடும்.

இங்கேதான் எனக்கு விஷயம் திரும்பியது. மேலதில் கண்ணில் படாத நல்லது இருக்கிறது, சரி. அந்த நான்கு லட்சத்தைக் கொடுக்காமல் இருப்பதிலும் கண்ணில் படாத நல்லது ஒன்று இருக்கிறதே. ஒன்பது சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு அந்த நான்கு லட்சத்தைக் கடனாக வாங்கினால் மாதம் ஆறாயிரத்து நானூறு சொச்சம் டியூ. முடிக்கும்போது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கட்டியிருப்பான். அவன் பையன் யுகேஜியிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பான். இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கில் ஐந்தாவது வருஷமே வண்டியின் மதிப்பு பாதி. மாதம் அஞ்சாம் தேதி வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பார்த்து நெஞ்சு படபடக்காமல் இருப்பது, மேலதிகாரியிடம் ஒரு நாள் முடியாது என்று சொல்ல முடிவது, இதெல்லாம் எந்த பிரோஷரிலும் போடுவதில்லை. கெட்டியான ஃபோம் எப்படி விழுப்புரம் தாண்டித்தான் தெரியுமோ, இலேசான டியூவும் மூன்றாவது வருஷத்தில்தான் தெரியும்.

அதனால் பகட்டா சிக்கனமா என்ற பழைய பஞ்சாயத்து இங்கே பொருந்தாது. மேலது வாங்குகிறவனைப் பகட்டுக்காரன் என்று திட்டுவது சுலபம். உண்மையில் இன்றைக்குக் கீழதில்தான் பகட்டு அதிகம், எல்லா விளக்கும் அதில்தான் மினுக்குகிறது. தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் தனியாக ஓட்டுகிற ஒருவர், முதுகு வலிக்காரர், ரொக்கம் வைத்திருப்பவர், மேலதை வாங்கினால் அது வீண் இல்லை. அவர் முதுகு தினமும் அதை அனுபவிக்கும். மருமகன் அலுவலகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஊருக்கும் மழைக்கும்.

மழை என்றால் நினைவு வருகிறது. எஸ்யூவி என்றதும் வெள்ளத்தில் நீந்தும் என்று ஒரு நம்பிக்கை. கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அதில் எஸ்யூவிகளும் உண்டு. தரை இடைவெளி கூடுதலாக இருந்தால் பள்ளத்தில் இடிக்காது. காற்று இழுக்கிற குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டால் எத்தனை லட்சத்து எஞ்சினும் நின்றுவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக் கெடுத்தால் சாதாரண பாலிசியில் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். உயரம் பார்த்து வாங்குகிறவர்களில் இதைக் கேட்டு எடுத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி. சின்னக் காரில் உட்கார்ந்தால் குழிக்குள் இறங்குவது மாதிரி, எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நம் வீடுகளில் இந்த உயரமான வண்டிகள் இவ்வளவு விற்பதற்கு வீரதீரம் காரணம் இல்லை, அம்மாக்களின் முட்டிதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மேலதன் பின்சீட்டில் ஏறினாள். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து வைத்து, கைப்பிடியைப் பற்றி உட்கார்ந்தாள். வண்டியின் பக்கவாட்டுக் கோடு ஸ்டைலாகப் பின்னால் ஏறிக்கொண்டே போவதால் அந்த இடத்தில் ஜன்னல் குறுகிவிட்டது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "என்னலே இது, வெளிய ஒண்ணும் தெரியல. ஊர் வந்தா எப்படித் தெரியும்?" கீழதில் ஏறினாள். ஜன்னல் பெரிது, கால் நீட்ட இடமும் இருந்தது. "இது போதும்," என்றாள். விலையை அவள் கேட்கவேயில்லை.

கீழதில், பத்து லட்சத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற வேரியண்டை எடுத்தார்கள். சன்ரூஃப் இருக்கிறது, அந்த வேரியண்டில் அது இல்லாமல் கிடைக்காது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த அன்றே பையன் திறக்கச் சொல்லி அழுதான்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, மிச்சமான ஆறாயிரத்து நானூறை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான். ஸ்கூல் வேன், பையனுக்கு நீச்சல், என்னென்னவோ சொன்னான், கணக்கு ஒட்டவில்லை. "எங்க போகுதுன்னே தெரியல மாமா. வண்டில போட்டிருந்தா கதவுச் சத்தமாவது கேட்டிருக்கும்."

எஞ்சின் கவர் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்திருக்கிறான்.