குறைத்தலின் அறம்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலில் நிற்பது நகை. உள்ளத்துணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு ஆதலின், நகைச்சுவைக்கு முகமே அரங்கம் எனலாம். புருவத்தின் சிறு அசைவு உரையாடலினும் மேலான நகையை விளைவிப்பதுண்டு. 2024இல் வெளிவந்த ‘சட்னி சாம்பார்’ போன்ற தமிழ் நகைச்சுவைத் தொடர்கள் இணையவழியே இல்லங்களை அடைகின்றன. அவ்வழியில் அந்த அசைவுக்கு நேர்வது யாது?

1920க்கு 1080 என்ற அளவுடைய படமொன்றில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள. புள்ளிக்கு 24 பிட்டுகளும் செக்கனுக்கு 24 படங்களுமாகச் சுருக்காது அனுப்பின், செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி பிட்டுகள் வேண்டும். இணையவழி ஒளியோட்டமோ ஏறத்தாழ 50 இலட்சத்துடன் அமைந்துவிடுகிறது. இச்சுருக்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று, பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோருடன் இணைந்து 1974இல் வெளியிட்ட கோசைன் உருமாற்றமாகும். கண் எளிதில் உணராத நுண்விவரங்களைப் பிரித்தறிய அது வழிசெய்தது. அவ்விவரங்கள் பின்னர் கைவிடப்படுகின்றன. அன்றியும், முன்னைய படத்திலிருந்து மாறிய பகுதியே பெரும்பாலும் அனுப்பப்படுகிறது. இணைய வேகம் குன்றும்போது, மிகச் சிறிய மாற்றம் மாற்றமாகவே கொள்ளப்படாது. புருவம் அசையாமற் போதலும் கூடும்.

கண் உணராததை நீக்குதல் இழப்பாகுமா? ஆகாது என்போர்க்கு வலிய வாதமொன்று உண்டு. சுருக்கம் இல்லையேல், திருநெல்வேலியில் வாடகை அறையொன்றிலிருந்து, எண்ணி வாங்கிய டேட்டாவுடன் கைத்தொலைபேசியை நோக்கும் மாணவனுக்குத் தொடரே கிட்டாது. முழுமையை வற்புறுத்துதல் வறியோனை வாயிலில் நிறுத்துவதாக முடியும்.

ஆயினும், இவ்வாதம் உணரப்படாத இழப்பையும் உணர்த்தப்படாத இழப்பையும் ஒன்றெனக் கொள்கிறது. முன்னையது கண்ணின் இயல்பு. பின்னையது மனிதரின் முடிவு. 2020 மார்ச்சில், கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில், இந்தியாவில் இயங்கிய ஒளியோட்ட நிறுவனங்கள் கைத்தொலைபேசி வலையமைப்புகளிற் படத்தெளிவை 480 வரிகளுக்கு மேற்படாது குறைக்க உடன்பட்டன. காரணமும் ஏப்ரல் 14 என்ற எல்லையும் அறிவிக்கப்பட்டன. பலரும் பகிர்தற்பொருட்டு அறிந்தே ஏற்ற குறை அது. ஆதலின் அதனை நேர்மையானது எனலாம்.

அன்றாடக் குறைப்போ பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. வேகமான இணைப்புக்குப் பணமில்லாதவனையே மிகுதியும் தொடர்கிறது. எழுந்த புருவத்தைக் காணாதவன் படத்தின் குறையை அறியான். நடிகர் சோபிக்கவில்லை என்பான். அன்றேல் தனக்கு நகை விளங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்வான். கலைஞன்மீதோ சுவைஞன்மீதோ பொய்ப்பழி சுமத்தப்படும் அவ்விடத்திலேயே தொழில்நுட்பச் சிக்கல் அறச்சிக்கலாகிறது. குறைத்தல் தேவையாயின் குறைக்கலாம்; குறைத்தமையைச் சொல்லுதலும், தெரிவைப் பார்ப்பவனிடம் விடுதலும் கடமையாம்.