விரட்டினால் பாவமில்லையா?

மகாவீரராகப் பின்னாளில் அறியப்பட்ட வர்த்தமானர் துறவு பூண்டு புறப்பட்டபோது, மேனியில் பூசியிருந்த வாசனைப் பூச்சுகளின் மணம் உடனே போய்விடவில்லை. அந்த மணத்துக்கு வண்டும் பூச்சியும் மொய்த்தன என்கிறது சமண மரபு. நான்கு மாதங்களுக்கும் மேலாக அவை அவர் உடம்பில் ஊர்ந்தும் கடித்தும் வதைத்ததை ஆசாராங்க சூத்திரம் பதிவு செய்திருக்கிறது. அவர் ஒன்றையும் தட்டிவிடவில்லை. பின்னாளில் முனிவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய 22 துன்பங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்தியபோது, பசி, தாகம், குளிர், வெப்பம் ஆகிய நான்குக்கும் அடுத்ததாக ஈ, கொசுக்கடி இடம்பெற்றது.

இல்லறத்தாருக்கு அவ்வளவு கடுமை இல்லை. கொசுவைக் கொல்லாமல் விரட்டினால் போதும் என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. வேப்பெண்ணெய், கற்பூரம், சாம்பிராணிப் புகை, நொச்சி இலை, எலுமிச்சை மூடியில் குத்திவைத்த கிராம்பு என்று வீட்டுக்கு வீடு ஒரு கைவைத்தியம். இவற்றின் மேல் உள்ள பற்றுக்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. மின்பேட்டால் பட்பட்டென்று சுட்டுத் தள்ளுவதில் உள்ள உறுத்தல் இதில் கிடையாது.

அவை விரட்டுகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை முதிர அதற்கு ரத்தம் வேண்டும். நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, தோலின் வாடை, உடம்புச் சூடு ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு அது வந்து சேர்கிறது. மேசை மேலிருக்கும் எலுமிச்சை மூடி இந்த மூன்றில் எதையும் மறைப்பதில்லை. தோலில் தடவும் எண்ணெய்களின் கதை வேறு. அவற்றுக்கு உண்மையிலேயே ஓரளவு சக்தி உண்டு. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தடவியவர்களை மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் 12 மணி நேரம் அண்டவில்லை என்று 1993-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. மணமுள்ள எண்ணெய்களுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஆவியாகிப் பரவினால்தான் கொசு விலகும். ஆவியாகிவிட்டால் தோலில் மிச்சம் இருக்காது.

2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒப்பீடு இந்தக் குறையை நிமிடக் கணக்கில் காட்டியது. அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட டீட் என்ற மருந்து, 23.8 சதவீதக் கலவையில் ஐந்து மணி நேரம் தாங்கியது. அமெரிக்க வீடுகளில் கொசுவுக்குக் கைகண்ட மருந்தாகப் பேர் வாங்கியிருந்த ஒரு குளியல் எண்ணெய் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டிக்கொள்ளும் மணப்பட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. விரட்டிய கொசு எங்கே போகிறது? தான்சானியக் கிராமங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் தேடிப் பார்த்தது. பெரும்பாலான வீட்டார் டீட் தடவிக்கொண்ட கிராமத்தில், தடவாத வீடுகளில் சிக்கிய கொசுக்கள், யாருமே தடவாத நிலையில் இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். பசித்த கொசு பட்டினி கிடப்பதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிறது. உயிரைக் கொல்லவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டில் மருந்து வாங்க வழியில்லாத ஒருவர் காய்ச்சலில் விழுந்தால், விரட்டியவரின் கணக்கில் அது சேருமா, சேராதா? சமண நூல்கள் வினையை எண்ணத்தோடு சேர்த்தே நிறுக்கின்றன. எண்ணம் இல்லாவிட்டாலும் கவனக்குறைவை அவை லேசில் விடுவதில்லை.

புத்தர் இந்த விஷயத்தில் நடைமுறை தெரிந்தவர். அறிந்தே ஓர் உயிரைக் கொன்ற பிக்கு அதை ஒப்புக்கொண்டு குற்றம் கழிக்க வேண்டும் என்பது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தின் விதி. அதே விநயத்தின் சுல்லவக்கம் என்ற பகுதி, கொசுத் தொல்லைப்பட்ட பிக்குகளுக்குக் கொசுக்கூடாரத்தையும் கொசு விசிறியையும் அனுமதிக்கிறது. கவரிமான் முடியில் செய்த விசிறி கூடாது. மரப்பட்டை, வெட்டிவேர், மயிற்பீலி இவற்றால் செய்தது ஆகும். வலையும் காற்றும், அவ்வளவுதான். கொசு பறப்பதில் வலுவில்லாத பிராணி. காற்றடித்தால் அதற்கு வழியும் தவறும், வாடையும் கலைந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகனில் மின்விசிறியை வைத்துச் செய்த சோதனையிலும் காற்று கொசுவைக் குறைத்தது, வாடை கலைவதே அதற்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. எண்ணெய்க் குப்பிகளைவிட வலை, விசிறி என்ற இந்த இரண்டு பழைய பொருள்கள் நம்பகமானவை. வலைக்குள் படுத்தவரைச் சுற்றும் கொசுவும் அடுத்த ஆளைத் தேடிப் போகலாம். ஆனால் வலை ஏழை வீட்டிலும் கட்டக்கூடியது.

சமண முனிவருக்கு அந்த விசிறியும் கிடையாது. காற்றே உயிருள்ளது, நெருப்பும் அப்படியே என்பது அவர்கள் கொள்கை. வீசினால் காற்றுயிர் வருந்தும், சாம்பிராணி போட்டால் தீயுயிரும் புகையில் சிக்கும் பூச்சியும் வருந்தும். கொசு பெருகும் மழைக்காலத்தில்தான் அவர்கள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள். ஈர மண்ணில் முளைத்த உயிர்களை மிதித்துவிடக் கூடாதே என்பதற்காகத் தங்குபவர்கள், தங்கிய இடத்தில் கடி வாங்குகிறார்கள்.

கொசு பிறக்காமலே செய்துவிட்டால் கொல்லவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் வீட்டுத் தொட்டியிலும் தூக்கியெறிந்த டயரிலும் முட்டையிடுகிறது. பகலில் கடிப்பதால் இரவு வலை அதற்குப் போதாது. தொட்டியை இறுக மூடினால் முட்டைக்கு இடமில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே, கொசு பெருக இடம் கொடுக்காமலிருப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்கியது. சிக்கல், மூட மறந்த வாரத்தில் வருகிறது. கொசுப்புழு நெளியும் வாளியை வெயிலில் கவிழ்ப்பது கொலைதான். கவிழ்க்காவிட்டால் தெருவுக்கே காய்ச்சல். சமண இல்லறத்தாரிடம் பழைய வழக்கம் ஒன்றுண்டு. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே பத்திரமாகத் திருப்பி விடுவார்கள். மீன் உள்ள குளமாக இருந்தால் அந்தப் புழு அங்கே மீனுக்கு இரை. மீனில்லாத கிணறாக இருந்தால் ஒரு வாரத்தில் சிறகு முளைத்துத் திரும்பி வரும்.