வாரக் கெடு

கைப்பேசி வந்து எழுத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். வாரப் பத்திரிகைகள் மீதும் ஒருகாலத்தில் இதே பழி விழுந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதியது வாரக் கெடுவுக்குள்தான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் விழும் முடிச்சு அந்தக் கட்டாயத்தின் தடம். வேகம் ஆழத்தைத் தின்றுவிடாதா? தின்னும்தான். அந்நாளைய தொடர்கதைகளில் பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஆனால் அவசரமே இல்லாமல் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவற்றிலும் மறந்துபோனவை ஏராளம்; அதை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், கரையெங்கும் ஆடிப்பெருக்குக் கூட்டம். அச்சகம் காத்திருந்த அவசரத்திலும் அந்தக் கூட்டத்தை நிதானமாகப் பார்க்கக் கல்கியால் முடிந்திருக்கிறது. கைப்பேசித் திரையைத் திட்டும் நேரத்தில் இன்றைய பக்கத்தை எழுதிவிடலாம்.