உண்டியற் பணமும் அறத்தின் வினாவும்

பொருளை அது வந்த வழிகொண்டு மதிப்பிடுவது தமிழ் அறநூல்களின் நெடுநாளைய மரபாகும். செல்வத்தின் சிறப்பை எடுத்துரைக்கும் திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரமும், அச்செல்வம் தீயவழியில் வாராதிருத்தல் வேண்டுமென்பதை வற்புறுத்தத் தவறவில்லை. பணந்தூயதாக்கலைத் தடுப்பதற்கென இன்று இயற்றப்பட்டுள்ள சட்டங்களும் அடிப்படையில் இதே வினாவையே எழுப்புகின்றன: இப்பணம் எங்கிருந்து வந்தது? குற்றத்தால் ஈட்டிய பொருளை முறையான வருவாய்போற் காட்டும் செயலுக்குத் 'தூயதாக்கல்' என்னும் நற்பெயர் வாய்த்தமை விந்தையே. அங்கு அழுக்கு நீங்குவதில்லை, கண்ணுக்குப் புலப்படாது மறைகின்றது, அவ்வளவே. எனினும், இலங்கை போன்றதொரு வளர்முக நாட்டில் இவ்வொரு வினா மட்டும் போதுமா என்பது ஆராயற்பாலது. உண்டியல் முறையை நோக்குவார்க்கு இவ்வையம் இயல்பாகவே எழும்.

குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் மட்டக்களப்புப் பெண்ணொருத்தியைக் கருதுக. தன் மாதச் சம்பளத்தை அவள் அங்குள்ள உண்டியற்காரரிடம் கொடுக்கின்றாள். அன்று மாலையே ஊரில் அவள் தாயின் கையில் ரூபாய் சேர்கின்றது. இங்கே பணம் கடல் கடக்கவில்லை. அவள் கொடுத்த தினார் குவைத்திலேயே நின்றுவிட, தாய் பெற்ற ரூபாய் இலங்கையிலேயே இருந்த வேறொருவருடையது. அந்த வேறொருவர் யார் என்பதிலேதான் சிக்கல் அனைத்தும் அடங்கியுள்ளது. சுங்கத் தீர்வையைக் குறைக்கும் பொருட்டு, இறக்குமதிப் பொருளின் பாதி விலையை மட்டும் பட்டியலிற் காட்டி, மறுபாதியை மறைவாகச் செலுத்த வெளிநாட்டு நாணயம் தேடும் வணிகர் அவராகலாம். ஹெரோயின் விற்ற ரூபாயை வைத்துக்கொண்டு, அதனை வெளிநாட்டிலுள்ள தன் முதலாளியிடம் சேர்ப்பிக்க வழிதேடும் ஒருவராகவும் இருக்கலாம். பின்னையது உண்மையாயின், போதைப்பொருள் விற்ற காசு ஏழைத் தாயின் அரிசிக்கும் பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவாகிக் கரைந்துவிட, அப்பெண் வியர்வை சிந்தி ஈட்டிய தினார் குற்றவாளியின் கணக்கிற் போய்ச் சேர்கின்றது. அழுக்கைக் கழுவும் நீராகப் பயன்படுவது அவளது தூய உழைப்பே.

'எங்கிருந்து வந்தது?' என்னும் பழைய வினா இவ்விடத்திற் பயனற்றுப் போவது கவனிக்கத்தக்கது. அவள் பணத்தின் பிறப்பில் மாசில்லை. மாசு அது சென்று கலக்கும் இடத்தில் உள்ளது. அவ்வாறாயின் அவளும் குற்றத்திற்கு உடந்தையா?

ஆம் என்று கூறுவோர் நாட்டின் இழப்பைச் சுட்டுவர். அவ்விழப்புப் பொய்யன்று. வெளிநாட்டில் உழைப்போர் வங்கிகள் வாயிலாக அனுப்பிய தொகை 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து, 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலரின்றி நாடு திண்டாடிய காலம் அது. உழைப்பதற்காகக் கடல் கடந்தோர் தொகையோ குறையவில்லை. 2022இல் அது 3 இலட்சத்தைக் கடந்தது. ஆயின் இவ்வீழ்ச்சிக்குப் பணிப்பெண்ணையா முதலிற் குற்றங்கூறுவது? 2021இன் பிற்பகுதி தொடக்கம் 2022 மார்ச் முற்பகுதிவரை டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாவில் மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. உண்டியற்காரர் அதனிலும் கணிசமாகக் கூடுதலாகக் கொடுத்தனர். பிடி தளர்ந்த சில வாரங்களிலேயே டொலர் 300 ரூபாவைக் கடந்தமை, வங்கி கொடுத்த விலை உண்மை விலையன்று என்பதைக் காட்டிற்று. உழைப்பாளிக்குரிய விலையை மறுத்துவிட்டு, அவளிடம் நாட்டுப்பற்றை எதிர்பார்ப்பது அறத்தின்பாற்பட்டதாகாது. விலை சீரான பின்னர் 2023இல் அத்தொகை மீண்டும் 600 கோடியை அண்மித்தது.

போர்க்காலத்தில் வங்கிச் சேவை தடைப்பட்டிருந்த வடக்குக் கிழக்குப் பகுதிகளிற் பல குடும்பங்களுக்குப் பிள்ளைகள் அனுப்பிய காசைக் கொண்டுவந்து சேர்த்ததும் உண்டியலே. அம்முதியோரிடம் அது குற்றமென்று சொல்லின் நகைப்பர்.

இருப்பினும், தேவை தந்த நியாயம் தேவை நீங்கிய பின்பும் நிலைக்குமென்று கொள்ளுதல் பொருந்தாது. வங்கி நியாயமான விலை கொடுக்கும் நாளிலும் சில ரூபாய் மிகுதிக்காக மறைவழியை நாடுவோர், அம்மிகுதியைத் தருபவர் எதற்காகத் தருகின்றார் என்று கேட்கக் கடமைப்பட்டவரே. எவரும் காரணமின்றிக் கூடுதல் விலை கொடுப்பதில்லை. அறியாமை ஒருவரை விடுவிக்கலாம். அறிய விரும்பாமை அவ்வாறு விடுவிக்குமா என்பது ஐயமே.

சட்டத்தின் பார்வை எங்கு விழுகின்றது என்பது மற்றொரு வினா. இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே பணந்தூயதாக்கலுக்கு எதிரான சட்டங்கள் இயற்றப்பட்டு, நிதியியல் உளவறிதல் பிரிவும் நிறுவப்பட்டது. 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான காசுக் கொடுக்கல்வாங்கல்களை வங்கிகள் அப்பிரிவுக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாறிருந்தும், பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட நிதியியல் நடவடிக்கைச் செயலணி 2017 நவம்பரில் நாட்டைச் சாம்பற் பட்டியலிற் சேர்த்து, 2019 ஒக்டோபரிலேயே நீக்கியது. மெக்சிக்கோவின் போதைப்பொருட் கும்பல்களின் பணம் புழங்க இடமளித்த எச்.எஸ்.பி.சி. வங்கியோ 2012இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு 190 கோடி டொலர் செலுத்தி வழக்கைத் தவிர்த்துக்கொண்டது; அதற்காக அவ்வங்கியின் அதிகாரி எவரும் சிறை செல்லவில்லை. பெரியோர் தப்பினர் என்பதனாற் சிறியோர் செயல் சரியாகிவிடாது. ஆயினும், இரு குற்றங்களையும் ஒரே தராசில் நிறுக்குமிடத்து எது கனக்கும் என்பதில் ஐயமில்லை.

உண்டியற்காரரின் துவிச்சக்கரவண்டியைத் துரத்துவது எளிது. வீடு வீடாகச் சென்று விசாரிப்பதும் எளிதே. பாதி விலை எழுதிய பட்டியலோ கொழும்புச் சுங்கத்தின் கோவையிற் கையொப்பத்துடன் கிடக்கின்றது. அப்பொருளின் உண்மை விலையை ஏற்றுமதி செய்த நாட்டிற் கேட்டறிவதற்கு வேண்டியது ஒரு கடிதமும், அதனை எழுதும் துணிவுடைய ஓர் அலுவலருமே.