கப்பலின் இறுதிப் பயணமும் பொறுப்பின் எல்லையும்

ஒரு பொருளை விற்றவனுக்கு, விற்ற பின்னர் அப்பொருளால் விளையும் தீங்கிற் பங்குண்டா? கடையிற் கத்தி வாங்கியவன் கொலை செய்தால் கடைக்காரனைத் தண்டிப்பார் எவருமிலர். உடைமை கைமாறும்போது பொறுப்பும் உடன் கைமாறுகின்றது என்பது வணிக உலகின் பழைய கொள்கை. அன்றாட வாழ்வுக்கு அது போதுமானதே. எனினும், ஆயுள் முடிந்த கப்பல்களின் விற்பனையை நோக்குமிடத்து அக்கொள்கை ஆட்டங் காண்கின்றது.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் கடலில் உழைத்து ஓய்ந்த பெருங் கப்பல்களிற் பெரும்பாலானவை தென்னாசியக் கரைகளிலேயே உடைக்கப்படுகின்றன. குசராத்தின் அலங், வங்காளதேசத்தின் சிட்டகொங், பாகிஸ்தானின் கடானி என்பன அவ்விடங்கள். கடற்பெருக்கு உயரும் வேளை பார்த்துக் கப்பலை அதன் சொந்த விசையாலேயே கரைமீது ஏறவிடுவர். நீர் வடிந்ததும் வாயுச்சுடர் கொண்டு அதனைத் துண்டு துண்டாக வெட்டுவர். வெட்டிய இரும்பு விழும் இடமும் தொழிலாளி நடமாடும் இடமும் பல வேளைகளில் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. 2016 நவம்பர் 1ஆம் திகதி கடானியில் எண்ணெய்க் கப்பலொன்று வெடித்துத் தீப்பற்றியபோது இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

கண்ணுக்குத் தெரியும் இவ்வாபத்தைவிடக் கொடியது தெரியாத ஆபத்து. பழைய கப்பல்களின் இயந்திர அறைகளிலும் குழாய்களிலும் வெப்பக் காப்புக்காகக் கல்நார் பொதியப்பட்டுள்ளது. அதன் நுண்ணிழை நுரையீரலிற் படிந்தால் நோய் தலைகாட்டுவதற்கு இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை செல்லலாம். அதற்குள் கப்பலும் இராது, அதனை உடைத்த நிறுவனமும் இராது, கூலிப் பதிவேடும் இராது.

‘தொழிலாளி விரும்பித்தானே வருகின்றான்?’ என்பார் உளர். 1991இல் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த லோரன்ஸ் சமர்ஸின் கையொப்பத்துடன் எழுந்த உள்ளகக் குறிப்பொன்று, நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாட்டிற் கொட்டுவதன் பொருளியற் தருக்கத்திற் குறை காணவியலாது என்று வாதிட்டது. அது எள்ளலாக எழுதப்பட்டதெனப் பின்னர் விளக்கங் கூறப்பட்டது. எள்ளலோ அன்றோ, கப்பற் சந்தை அத்தருக்கத்தை வழுவாது கடைப்பிடித்தே வந்துள்ளது! அறிந்து அளிப்பதே சம்மதம். முப்பது ஆண்டுகளின் பின் வரும் புற்றுநோயைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்லாத ஒருவன், அந்நோய்க்குச் சம்மதித்தான் என்பது சொல்லைச் சிதைப்பதாகும்.

சட்டம் இதனைக் காணாதிருக்கவில்லை. ஆபத்தான கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயம் 1989இல் எழுந்தது. கல்நார் நிறைந்த ‘கிளெமென்சோ’ என்னும் பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் 2005இன் இறுதி நாளில் அலங் நோக்கிப் புறப்பட்டபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. இந்திய உயர் நீதிமன்றமும் குறுக்கிட்டது. 2006 பெப்ரவரியில் ஜனாதிபதி சிராக் அதனைத் திருப்பி அழைத்தார். இறுதியில் அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் உடைக்கப்பட்டது. ஆனால் அஃது ஓர் அரசின் போர்க்கப்பல். வெட்கப்படுவதற்கு ஒரு நாடு இருந்தது. வணிகக் கப்பலின் நிலை வேறு. ‘ரொக்கக் கொள்வனவாளர்’ எனப்படும் இடைத்தரகர் அதனை வாங்கி, பெயரை மாற்றி, கொமொரோஸ், பலாவு போன்ற சிறு தீவு நாடொன்றின் கொடியை ஏற்றி, இறுதிப் பயணத்துக்கு அனுப்புவர். சட்டம் கொடியைத் தொடர்ந்து செல்வது. கொடியோ ஒரு நாளில் மாறிவிடுவது.

ஆகவே பொறுப்பை உடைமையோடு பிணைத்தல் பயனற்றது. அறிவோடும் ஆதாயத்தோடும் பிணைத்தலே தகும். கப்பலை இன்ன விலைக்கு விற்பவர், அது எவ்வாறு உடைக்கப்படும் என்பதை அவ்விலையிலிருந்தே அறிந்துகொள்கின்றார். நச்சுப் பொருளை முறையாக அகற்றும் துறையொன்று அதற்கான செலவைக் கழித்த பின்னரே விலை பேசும். அச்செலவைச் செய்யாத கரை கூடுதலாகக் கொடுக்கும். இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகை தொழிலாளியின் பாதுகாப்புக்குச் செலவிடப்படாத பணத்தையும் உள்ளடக்கியது. அது விற்றவரின் கைக்கே போய்ச் சேருகின்றது. கத்திக் கடைக்காரன் கொலைகாரனிடம் கூடுதல் விலை பெறுவதில்லை என்பதே இரண்டுக்குமுள்ள வேறுபாடு.

இவ்வினா 2021 மார்ச்சில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றின் முன் வந்தது. 2018இல் சிட்டகொங் கரையில் ‘ஏக்தா’ என்னும் எண்ணெய்க் கப்பலிலிருந்து தவறி வீழ்ந்து இறந்த தொழிலாளியின் மனைவி, கப்பலின் விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த பிரித்தானிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தார். (ஒற்றுமை எனப் பொருள்படும் அப்பெயர், உடைப்பதற்கென விற்ற பின் சூட்டப்பட்டது.) பாதுகாப்பாக உடைக்கும் துறைக்கே கொடுக்கப்படும் என விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது, அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டும் என்ற வேண்டுகோளை நீதிமன்று மறுத்தது. விற்றவருக்குப் பொறுப்பு உண்டென்று அது தீர்க்கவில்லை. இருக்கக்கூடும் என்பது விசாரிக்கத்தக்கது என்றே கூறியது.

இங்கு வலிமை மிக்க தடையொன்றும் உண்டு. அக்கப்பல் வேறொரு நாட்டுக்குச் சென்றிருப்பின் அத்தொழிலாளி இறந்திரான். ஆயின் அவனுக்குக் கூலியும் கிடைத்திராது. வங்காளதேசத்தின் கட்டடங்களுக்கு வேண்டிய இரும்பிற் பெரும்பங்கு இக்கரைகளிலிருந்தே வருகின்றது. கப்பலைத் திருப்பியனுப்பி மனச்சாட்சியைத் தூய்மை செய்துகொள்ளும் ஐரோப்பியர், ஏழையின் அடுப்பை அணைத்துவிட்டதை அறியாதிருத்தல் கூடும். இத்தடையைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. ஆனால் அது கேட்பது தொழிலை. தொழிலோடு வரும் சாவையன்று. அண்மைய ஆண்டுகளில் அலங்கின் பல துறைகள் கொங்கிறீற்றுத் தளமும் பாரந்தூக்கியும் பயிற்சியும் பெற்றுத் திருந்தியுள்ளன. அதே கரை, அதே மக்கள். கரை திருந்தக்கூடியதெனின், அதற்கான செலவை யார் ஏற்பது என்பதே எஞ்சும் வினா.

2009இல் ஹொங்கொங்கில் நிறைவேறிய சமவாயம் பதினாறு ஆண்டுகள் காத்திருந்து 2025 ஜூன் 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கப்பலில் உள்ள நச்சுப் பொருள்களின் பட்டியல் இனி உடன் வர வேண்டும். தொழிலாளிக்கு எதனைத் தொடுகின்றோம் என்றேனும் தெரிய வழியுண்டு. இது சிறிய பேறன்று. கரையேற்றி உடைப்பதை அது தடை செய்யவில்லை. திருத்தத்தின் செலவைப் பெரிதும் உடைக்கும் துறையின் தலையிலேயே வைத்துள்ளது. ‘கப்பல் உரிமையாளர்’ மீதும் சில கடமைகளைச் சுமத்துகின்றதுதான். ஆனால், கப்பல் கரையேறும் நாளில் ஏடுகளில் உரிமையாளராக நிற்பவர், சில கிழமைகளுக்கு முன்னர் அதனை வாங்கிய இடைத்தரகராகவே பெரும்பாலும் இருப்பார்.