கொடுக்க முடியாதவரும் கொடுக்க மறுப்பவரும்

அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போட்டவருக்கு விலை விழுந்துவிட்டது. அரியலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் காய்ப்பு இல்லை. தவணை வந்துவிட்டது, கையில் காசில்லை. இவரைச் சிறையில் தள்ளலாமா?

நம் நாட்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51-வது பிரிவு, கோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகும் கடனைக் கட்டாதவரைக் கைது செய்ய வழி வைத்திருக்கிறது. ஆனால் ஐ.நா. 1966-இல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11-வது பிரிவு, ஒப்பந்தப்படி நடக்க இயலவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. 1979-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

மறு ஆண்டே, கொச்சி வங்கிக்குக் கடன்பட்டவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உடன்படிக்கை தானாகவே நாட்டின் சட்டமாகிவிடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒப்புக்கொண்டார். ஆயினும் 51-வது பிரிவுக்கு அதோடு ஒத்துப்போகும்படியே பொருள் சொன்னார். கட்டவில்லை என்பது மட்டும் போதாது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறாரா என்று பார்க்க வேண்டும் என்று கீழ்க் கோர்ட்டுக்கே வழக்கைத் திருப்பி அனுப்பினார்.

சகோதரர்களே! சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சூரா அல்பகராவின் 280-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். விட்டுக்கொடுத்துவிட்டால் அது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறான். வசதியுள்ளவர் இழுத்தடிப்பதோ அநியாயம் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்தார்கள்.

சட்டம் சிறைக் கதவோடு நின்றுவிடுகிறது. கடனாளியின் வீட்டு வாசலில் நின்று, பிள்ளைகள் கேட்க அவர் மானத்தை வாங்குகிறோமே, அதை எந்த உடன்படிக்கை தடுக்கும்? அங்கே நம் ஈமான்தான் தடுக்க வேண்டும்.

கடன் வாங்கியவரே, உங்களிடமும் ஒரு கேள்வி. வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது, வீட்டில் மாடி எழும்புகிறது, கடன் மட்டும் அப்படியே கிடக்கிறது. இது இயலாமையா?

கஅப் இப்னு மாலிக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பள்ளிவாசலில் தம் கடனைக் கேட்டபோது சத்தம் உயர்ந்தது. பாதியை விட்டுக்கொடுக்கும்படி அவருக்குச் சைகை காட்டிய நபியவர்கள், கடன்பட்டவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கட்டச் சொன்னார்கள். ஒருவருக்கு இரக்கம், மற்றவருக்குப் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் கடன் கணக்கை எடுத்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும், முடியாதவருக்கு அவகாசம் தரவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.