மூன்று ஊர் நெல்

இவ்வாண்டு வைகாசியில் ஒரு முற்பகல், மஞ்சள் பையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தங்கை படியேறி வந்தபோது, வழக்கம்போல் அதற்குள் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ இருக்கும் என்றுதான் எண்ணினேன். அவள் திண்ணையில் எடுத்து வைத்தவை மூன்று காகிதங்கள். ஒன்று, புதுச்சேரியில் கல்லூரி இடங்களை ஒதுக்கும் சென்டாக் அமைப்பின் சேர்க்கைக்காக இணையத்தில் நிரப்பி அச்செடுத்த விண்ணப்பம். அதில் பாரதிதாசன் அரசினர் மகளிர் கல்லூரியும் தாகூர் கலைக்கல்லூரியும் முதலிரண்டு விருப்பங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டாவது, மைத்துனர் எங்கிருந்தோ வாங்கி வந்து பத்திரப்படுத்தியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் வழவழப்பான விளம்பரத்தாள். மூன்றாவதுதான் அந்த வீட்டின் நித்திரையைக் கெடுத்த கடிதம். சென்னைக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய கலாசாலை, என் தங்கை மகளுக்கு இடமும், கட்டணத்தில் பாதியை உபகாரச் சம்பளமாகவும் தருவதாக எழுதியிருந்தது.

“வாத்தியார் வேலை பாத்தவன் நீ. எது இவளுக்குப் பொருந்தும்னு நீதான் சொல்லணும்ணே” என்றாள் தங்கை.

பொருத்தம் என்ற சொல்லை அவள் தற்செயலாகச் சொன்னாளோ, தெரிந்து சொன்னாளோ, எனக்கு அது மனத்திலே தங்கிவிட்டது. ஒரு வரன் வந்தால் தினம், கணம் என்று தொடங்கிப் பத்துப் பொருத்தம் பார்த்து, அதன் பிறகும் பையனைப் பற்றி வில்லியனூரில் ஒருவரையும் கடலூரில் ஒருவரையும் விசாரித்து, அதற்கும் மேலே கோயிலில் பூப்போட்டுக் கேட்கிற நாம், பதினேழு வயதுப் பிள்ளையின் மூன்று நான்கு வருஷங்களை விழுங்கப்போகிற ஒரு ஸ்தாபனத்துக்கு ஒரே ஒரு பொருத்தத்தை, அதாவது படித்து முடித்தால் என்ன உத்தியோகம் என்பதை மட்டும், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் எத்தனையோ பெற்றோருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கலாசாலை நடத்துவது லிபரல் ஆர்ட்ஸ் என்கிற படிப்பு. இதற்குத் தமிழில் நல்ல பெயர் இன்னும் அமையவில்லை. கலைப்படிப்பு என்றால் நம் ஊரில் பி.ஏ. வரலாறு என்று நினைத்துக்கொள்வார்கள். சேர்ந்த முதல் நாளே ஒரு பாடத்துக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிடாமல், தத்துவமும் கணிதமும் பொருளாதாரமும் உயிரியலும் இலக்கியமும் கொஞ்ச காலம் கலந்து படித்து, பிறகு தன் நாட்டம் எதிலே நிலைக்கிறது என்று கண்டு அதிலே ஆழ இறங்குவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். லத்தீனில் அந்தப் பெயருக்கு மூலம், அடிமையல்லாத சுதந்திர புருஷனுக்கு உரிய வித்தைகள் என்பது. அடிமைக்கு ஏன் அது உரியதாகவில்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும். அவனுக்கு ஓய்வு இல்லை. அவன் உழைத்ததனால் மற்றவனுக்கு ஓய்வு இருந்தது.

கடிதத்தைப் படித்துத் தீர்மானிக்க முடியாது என்று, ஆனி மாதத்தில் நானும் தங்கை மகளும் அந்தக் கலாசாலையை நேரிலே பார்க்கப் போனோம். கட்டடங்களைப் பற்றிச் சொல்ல விசேஷமாக ஒன்றுமில்லை. மரங்கள் இன்னும் சிறியவை. ஒரு வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். நீள்வட்ட மேஜை ஒன்று, அதைச் சுற்றிப் பதினான்கு நாற்காலிகள். ஆசிரியையும் அவற்றுள் ஒன்றிலே உட்கார்ந்திருந்தார். முதலில் அவரை மாணவி என்றே நினைத்தேன். எல்லார் முன்னும் ஒரே கட்டுரையின் நகல் கிடந்தது. அவர் சில நிமிஷம் பேசிவிட்டு, எதிரே இருந்த ஒரு பையனிடம், இந்த ஆசிரியர் இரண்டாம் பக்கத்தில் சொன்னதை ஐந்தாம் பக்கத்தில் தாமே மறுக்கிறாரே, கவனித்தீர்களா என்று கேட்டார். பையன் படிக்கவில்லை. அவன் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினான். அதில் ஒரு கோடுகூட அவன் இட்டிருக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆசிரியை அவனைத் திட்டவில்லை, அடுத்தவரிடம் போகவுமில்லை, காத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிஷம் இருக்கும். என் ஜன்மத்தில் அவ்வளவு நீண்ட அரை நிமிஷத்தை நான் கண்டதில்லை. பிறகு அவன், தான் படிக்கவில்லை என்பதை மெதுவாகச் சொல்லி, இப்போது படித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டான். கொடுத்தார்.

என் வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். பழைய கட்டடமாதலால் நடுவே இரண்டு தூண்கள் உண்டு. படிக்காமல் வந்தவன் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொள்வான். அவன் அங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும், அந்த உடன்படிக்கையிலே இருவரும் சௌக்கியமாக வருஷத்தைக் கழித்துவிடுவோம்.

திரும்பி வரும் பேருந்தில் திண்டிவனம் தாண்டும்வரை பேசாமல் வந்த பெண், பிறகு சொன்னாள்: “மாமா, அங்க தூணே இல்ல.”

“பயமாயிருக்கா?” என்றேன்.

“பயமாத்தான் இருக்கு. ஆனா தூணுக்குப் பின்னால உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப் போச்சு மாமா.”

அவள் பக்கத்துப் பொருத்தம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்பதைவிட, பிறர் கண்ணில் படும்படி அறியாமையோடு உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கிறாயா என்பதே சிறிய கலாசாலைக்குப் போகிற பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி. சம்மதிக்காத பிள்ளை தாழ்ந்தது என்று பொருளல்ல. கூட்டத்துக்குள் மறைந்திருந்து தன் வேகத்தில் வளர்கிற சுபாவமும் உண்டு. பெரிய கல்லூரியில் சேர்ந்து, நூலகத்தில் ஒரு மூலையையும் இரண்டு சிநேகிதர்களையும் பிடித்துக்கொண்டு, தனக்கென்று ஒரு சிறிய கலாசாலையைத் தானே அமைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். அப்படிப்பட்டவர்களுக்குத் தாகூர் கல்லூரியைவிட்டு வேறெங்கும் போகவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஜாதகத்தில் மற்றவை எல்லாம் கூடி வந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜோசியர் தலையை ஆட்டிவிடுவார். இங்கே ரஜ்ஜு என்பது பணம்.

இந்த விசாரத்திலே நான் சுற்றிச் சுற்றி வந்து நின்றது எங்கள் ஊரின் செப்பேட்டில். பாகூர்ச் செப்பேடு என்று சரித்திரக்காரர்கள் அழைக்கும் அந்தச் சாசனம், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. கொஞ்சம் சமஸ்கிருதமும் கொஞ்சம் தமிழுமாக அமைந்தது. மூலம் இப்போது பாரிசு நகரத்தில் இருக்கிறது. எங்களிடம் பெருமை மட்டும் இருக்கிறது. பாகூரிலே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளின்படி, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டன என்பது அதன் சாரம். வித்தைகளின் இருப்பிடங்கள் மரபில் பதினான்கு: வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாஸ்திரம். ஒரே ஒரு தொழிலுக்கு ஆளைத் தயார் செய்கிற பட்டியலாக இது எனக்குப் படவில்லை. இலக்கணமும் தர்க்கமும் வானநூலும் ஒரே கூரையின் கீழ் இருந்த படிப்பு என்றால், கடிதம் அனுப்பிய கலாசாலைக்கும் இதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம்தான் வித்தியாசம்.

சிறு பிராயத்தில் மூலநாதர் கோயில் பிராகாரத்தில் ஓடி விளையாடிய காலத்திலும், பிறகு பள்ளியில் இதை நானே பாடமாகச் சொன்ன காலத்திலும், அந்தச் சாசனத்தில் என் கண்ணுக்குப் பட்டது வித்தியாஸ்தானம் மட்டுமே. மூன்று ஊர் என்பதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொண்டதில்லை. இந்த வைகாசிக்குப் பிறகு எனக்கு அந்த மூன்று ஊர்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒருவன் வயிற்றைப் பற்றிய கவலை இன்றி இலக்கணத்தில் பன்னிரண்டு வருஷம் மூழ்கிக் கிடக்கலாம் என்றால், சேற்றிலே நிற்பவர்கள் மூன்று ஊர்க்காரர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கூரையின் கீழ் இடம் இருந்திராது. அது பிராமணர்களுக்குப் பிரமதேயமாக விடப்பட்ட தருமம். என் முன்னோர்கள் எந்தப் பக்கத்தில் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெல் அளந்த பக்கம்.

பிரயோஜனத்தை உடனே கேட்காத எந்தக் கல்விக்கும் பின்னால் இப்படி ஒரு மூன்று ஊர் இருந்தே தீரும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் ஏற்படுத்திய செமினரிக்கு மூன்று ஊராக இருந்தது கடல் கடந்து வந்த காணிக்கைப் பணம். அங்கே தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்பித்தார்கள். அதன் முடிவு ஒரு விசித்திரம். படித்து வெளியேறிய இளைஞர்களை அரசாங்க உத்தியோகங்கள் கைநீட்டி அழைத்துக்கொண்டன. மதப் பணிக்கு ஆள் வேண்டுமென்று பணம் அனுப்பியவர்களுக்கு அது ரசிக்கவில்லை. 1855-ஆம் ஆண்டு செமினரி மூடப்பட்டது. உத்தியோகத்துக்காக நடத்தாத கலாசாலை, எல்லாருக்கும் உத்தியோகம் கிடைத்ததனால் மூடப்பட்டது என்று நான் சொன்னபோது, தங்கை சிரிக்கவில்லை, “அப்ப வேலை கிடைக்கும்னு சொல்றியா?” என்றுதான் கேட்டாள்.

அவள் கேள்விக்கு நேரான பதில் சொல்ல என்னால் ஆகவில்லை. அந்தச் செமினரியில் படித்த ஒருவருடைய கதையைச் சொன்னேன். சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவரான விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டைக்காரரே. தாமோதரம் பிள்ளை பத்திரிகை நடத்தினார், பாடம் சொன்னார், கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தார், வக்கீலாக இருந்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவே செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடித் திரட்டி, 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இத்தனை உத்தியோகங்களில் எதற்காக அவர் வட்டுக்கோட்டையில் படித்தார் என்று கேட்டால் எதை விரல் வைத்துக் காட்டுவது? நாம் இன்று அவரை நினைப்பதோ, சம்பளமில்லாத அந்த ஏட்டு வேலைக்காக.

நம் பக்கத்திலேயே, புதுச்சேரி நகரத்தில், இன்னொரு தினுசான உதாரணம் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் 1943-இல் பள்ளியாகத் தொடங்கியது, பட்டமே வழங்குவதில்லை. பட்டமில்லாத படிப்பை ஆசிரமம் என்ற மூன்று ஊர் தாங்குகிறது. அதை நானோ நீங்களோ நம் வீட்டுப் பிள்ளைக்குத் துணிவது வேறு விஷயம்.

ஆக, எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அந்தக் கலாசாலை இவளுக்குப் பொருந்துமா என்பதை இவளே பேருந்தில் சொல்லிவிட்டாள்; மூன்று ஊராக இருக்க இந்த வீட்டால் ஆகுமா என்பதுதான் பாக்கி. இதைப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் கிசுகிசுப்பதிலே எனக்குச் சம்மதமில்லை. தன் மேஜைக்கு நெல் அளப்பவர் யார், எவ்வளவு அளக்க முடியும் என்பது மேஜையில் உட்காரப்போகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செப்பேட்டுக் காலத்து மாணாக்கனுக்கும் அந்த மூன்று ஊர்களின் வரப்பைக் காட்டியிருந்தால் அவன் இலக்கணம் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

ஆகவே நால்வரும் திண்ணையில் உட்கார்ந்து, சலவைக்கணக்கு எழுதும் நோட்டில் கணக்குப் போட்டோம். கடன் வாங்குவதில்லை என்று மைத்துனர் முதலிலேயே சொல்லிவிட்டார்; அதுவரை அவர் பேசியது அது ஒன்றுதான். உபகாரச் சம்பளம் போக மீதியில் எவ்வளவு நிலத்தால் ஆகும், எவ்வளவு ஆகாது என்று பார்த்தோம். ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு உள்ளது முக்கால் காணி. கணக்கு இடித்தது. தங்கையின் முக்கால் காணி ஓர் ஊர், கலாசாலை தருவது ஓர் ஊர், மூன்றாவது ஊருக்கு எங்கே போவது என்று நான் வேடிக்கையாகச் சொல்லப் போக, மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் ஓய்வூதியம் அப்படித்தான் சாசனத்தில் சேர்ந்தது. விடுதியில் ஒரு வருஷம் இருந்து பார்த்து, அந்தத் தூணில்லாத அறை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பி வந்து தாகூர் கல்லூரியில் சேரலாம் என்பதையும் அதே நோட்டில் எழுதினோம். அதைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதியவள் அவள்.

பொறியியல் கல்லூரியின் விளம்பரத்தாளைத் தங்கை கிழிக்கவில்லை. நல்ல கெட்டித் தாள் என்று அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டிருக்கிறாள்.

முதல் தவணையைச் சொர்ணவாரி நெல் கட்டிவிட்டது. இரண்டாம் தவணை சம்பாவைப் பொறுத்தது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலில் சென்ற வாரம்தான் தண்ணீர் வந்திருக்கிறது.